தாகேதாவில் எய்த ஒரே அம்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் ஏதாவது பேசுங்கள் என்று மான் காப்பகத்திலிருந்து அழைத்தார்கள். நின்று பேச என் முழங்கால் இப்போது ஒத்துழைப்பதில்லை. அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டேன். மற்றவர்களுக்கு அவர்கள் பர்மியில் சொல்லிவிடட்டும். பர்மியில் எனக்குச் சரளமாகப் பேச வரும். ஆனால் தப்பு செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் தமிழ்தான் வருகிறது.

மருந்தளவு, ஊசி, கயிறு இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. நான் எழுதப்போவது வேறு. கையில் வில் இருக்கிறது, எதிரே மான் நிற்கிறது, சுற்றி இருக்கிறவர்கள் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தைப் பற்றி.

நான் இந்த வேலைக்குப் படித்து வந்தவன் இல்லை. ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வில்வித்தை மைதானத்துக்குப் போய்விடுவேன். எங்கள் வட்டாரத்தில் என் குறியைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஒரு நாள் மெலிந்த ஒரு பெண் அங்கே வந்து இரண்டு மணி நேரம் நின்று பார்த்தார். மான் காப்பகத்தின் கால்நடை மருத்துவர். துப்பாக்கிக்கு அனுமதி வாங்குவது அந்தக் காலத்தில் பெரும்பாடு. அதனால் மயக்க மருந்து ஊசியைக் குறுக்கு வில்லில் வைத்து எய்யலாம் என்று அவர் யோசித்திருந்தார். பர்மியில் தூலே என்பார்களே, அதே மலைநாட்டு வில். ஒரு தச்சர் அதைச் செய்துகொடுத்திருந்தார். எய்வதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

"பத்துக்கு எத்தனை படும்?" என்று கேட்டார்.

"ஒன்பது. நல்ல நாளில் பத்து," என்றேன்.

"எய்யாமல் வில்லை இறக்கி வைத்த நாள் உண்டா?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. மைதானத்துக்கு வந்துவிட்டு யாராவது எய்யாமல் போவார்களா? சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இருந்தும் மறுமாதமே என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அவர் என்னைவிட ஏழு வயது இளையவர். ஓய்வு பெறும்வரை நான் அவரை 'சயாமா' என்றுதான் அழைத்தேன், இங்கே ஆசிரியைகளையும் பெண் மருத்துவர்களையும் எல்லாரும் அழைப்பதுபோல. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார்.

முதல் ஆறு மாதத்தில் என் ஊசி ஒன்றுகூடத் தவறவில்லை. சயாமா மானை எனக்கு வசதியாக நிறுத்திக்கொடுத்தார், நான் எய்தேன், அவ்வளவுதான். எல்லாம் என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது மாதம் ஒரு ஆண் கடமான் கழுத்தில் சுருக்குக் கம்பியோடு திரிவதைக் காவலர்கள் பார்த்தார்கள். வேலிக்கு வெளியே யாரோ வைத்த கண்ணி. கம்பி தோலுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு நாள் தேடி, மூன்றாம் நாள் பிற்பகலில் நாணல் புதர் ஓரத்தில் அது நிற்பதைக் கண்டோம். அன்று பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி விருந்தினர்களோடு வந்திருந்தார். ஊசி போடுவதைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பின்னாலேயே வந்தார்கள்.

மான் முழுப் பக்கவாட்டில் நிற்கவில்லை. பாதி எங்கள் பக்கம் திரும்பி, காதுகளை முன்னால் விறைத்துக்கொண்டு நின்றது. தொடை எனக்குச் சாய்வாகத்தான் தெரிந்தது. நாளைக்கு வரலாம் என்று சயாமா மெல்லச் சொன்னார். பிறகு, "உங்களுக்குச் சரி என்று பட்டால் மட்டும்," என்று முடிவை என்னிடமே விட்டார்.

எனக்குச் சரி என்று படவில்லை. ஆனாலும் எய்தேன்.

நாண் அதிர்ந்த சத்தத்துக்கே அது துள்ளித் திரும்பிவிட்டது. தொடையில் இறங்க வேண்டிய ஊசி விலாவுக்குக் கீழே வயிற்றில் போய்ச் சொருகியது. மான் நாணலுக்குள் பாய்ந்து மறைந்தது. எங்களோடு வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார், பட்டுவிட்டது என்று நினைத்து.

இருட்டும்வரை தேடினோம். மறுநாள் காலையில் ஏரிக்கரையில் முழங்கால் ஆழத் தண்ணீரில் அது கிடந்தது. மருந்து மெதுவாக ஏறியிருக்கிறது. எங்கேயோ போய், தண்ணீர் குடிக்கக் குனிந்து, தலையைத் தூக்க முடியாமல் போய்விட்டது.

சயாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். "வந்து பிடியுங்கள்," என்று மட்டும் சொன்னார். நான் வயிற்றுத் தோலைப் பிடித்துக்கொள்ள, அவர் அறுத்து, ஊசி போன வழியை விரலால் காட்டினார். பக்கத்தில் வேறு யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

கையைக் கழுவும்போது கேட்டார்: "எய்வதற்கு முன்னால் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?"

பொய் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "அந்த அதிகாரியை," என்றேன்.

தலையை ஆட்டினார். அன்று மாலை அவர் எழுதிய அறிக்கையை எனக்குக் காட்டினார். 'எய்ய அனுமதித்தது என் முடிவு' என்று கையெழுத்துப் போட்டிருந்தார். இது சரியில்லை, எய்தது நான், என் பெயரைப் போடுங்கள் என்று சண்டை போட்டேன்.

"நீங்கள் எய்தீர்கள். எய்யாமல் இருக்க நான் சொல்லித்தரவில்லை," என்றார். "இனி மூன்று மாதம் தினமும் வில்லை எடுத்துக்கொண்டு போங்கள். ஊசி கிடையாது. மான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து, இன்று ஏன் எய்யவில்லை என்று சாயங்காலம் எனக்குச் சொல்லுங்கள்."

அவமானமாக இருந்தது. தொழிற்சாலைக்கே திரும்பிப் போய்விடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "போனா அங்கயும் அந்த மானு வரும்," என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

முதல் வாரம் என் காரணங்கள் சின்னப் பிள்ளைத்தனமாக இருந்தன. தூரம் அதிகம், கிளை மறைத்தது, இப்படி. போகப் போக வேறு மாதிரி வந்தன. வயிறு பெரிதாக இருக்கிறது, சினையோ என்று சந்தேகம். வெயில் ஏறிவிட்டது, இந்தச் சூட்டில் விழுந்தால் மூச்சு வாங்கும். பின்னால் குட்டி நின்றது. காது என் பக்கம் திரும்பியிருந்தது, நாண் சத்தத்துக்கே பாய்ந்திருக்கும். எனக்குக் கோபம் இருந்தது, கை நிதானமாக இல்லை. கடைசிக் காரணத்தைச் சொன்ன அன்று சயாமா எனக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்தார். அந்த மூன்று மாதத்தில் ஒரு விஷயம் புரிந்தது. படுமா படாதா என்பது எனக்கு ஒரு கேள்வியே இல்லை. எனக்கு எப்போதும் படும். பட்ட பிறகு பத்து நிமிடம் அந்த மான் தன் காலில் நிற்கும். அந்தப் பத்து நிமிடமும் அது எங்கே போகும்? இதற்குப் பதில் தெரியாமல் வில்லின் விசையில் விரலை வைக்கக் கூடாது.

இனி தாகேதா கதைக்கு வருகிறேன். உங்களில் சிலர் இதைக் கேள்விப்பட்டிருக்கலாம். கேள்விப்பட்டதில் பாதி பொய். நான் மூன்று மணி நேரம் அசையாமல் நின்றேன் என்கிறார்கள். இரண்டு தடவை சிறுநீர் கழிக்கப் போனேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நகரத்தின் தாகேதா வட்டாரத்தில் ஓடையை ஒட்டிய ஒரு சந்துக்குள் பெரிய பெண் கடமான் ஒன்று வந்துவிட்டது என்று தொலைபேசி வந்தது. யாரோ பணக்காரர் தோட்டத்தில் இரகசியமாக வளர்த்து, அது வேலியை உடைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். யாருடையது என்று அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. சயாமாவும் நானும் காப்பக லாரியில் போய்ச் சேரும்போது மணி எட்டரை. அந்தச் சந்து எனக்கு நன்றாகத் தெரியும். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு அங்கேதான் இருக்கிறது.

சந்தின் முடிவில் ஒரு காலி மனை. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்கள். மூன்றாவது பக்கம் ஓடை. அன்று கடல் ஓதம் ஏறியிருந்ததால் தண்ணீர் கரை வரைக்கும் தளும்பியது. நான்காவது பக்கம், அதாவது சந்து வாயில், இருநூறு பேராவது கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். நடுவில் அந்த மான். வாயோரம் நுரை. முன்னங்காலில் ஒரு கீறல். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. சினை என்பது எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது.

வட்டாரத் தலைவர் ஊ சான் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்று அவருக்கு வியர்த்துக்கொட்டியது. பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர்.

"குழந்தைகள் இருக்கிற இடம், சயாமா. யாரையாவது முட்டினால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி வரை பார்ப்பேன். அதற்குள் நீங்கள் மயக்காவிட்டால் இவர் சுட்டுவிடுவார்."

"எப்போது எய்வது என்று இவர்தான் முடிவு செய்வார்," என்று சயாமா என்னைக் காட்டினார். மயக்கத்தைத் தெளிவிக்கும் மாற்று மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு லாரியின் படியில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யார் போய் என்ன சொன்னாலும் "அவர் சொல்லட்டும்" என்பதுதான் அவர் பதில்.

ஒன்பது மணிக்கு மான் என் எதிரே ஆறு தப்படி தூரத்தில் வந்து நின்றது. நேருக்கு நேர். தலை, கழுத்து, நெஞ்சு. கூட்டத்திலிருந்து என் மச்சான் கத்தினார். அக்கா புருஷன்.

"மாப்ள! இம்புட்டுக் கிட்ட நிக்குது. கல்ல விட்டாலே படும். என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?"

"முன்னாடி விடக் கூடாது மச்சான். நெஞ்சுல எறங்கிரும்."

"அட, விட்டுத்தான் பாரேன்யா. தெருவே சிரிக்குது."

உண்மையிலேயே சிரித்தார்கள். என் காது சூடானதை இப்போதும் உணர முடிகிறது. அக்கா வாசலில் நின்றுகொண்டு முந்தானையால் வாயை மூடியிருந்தாள். எனக்காக வெட்கப்பட்டாளா, பயந்தாளா என்று நான் கேட்டதில்லை.

ஒன்பதரைக்கு மான் திரும்பி, அழகாகப் பக்கவாட்டில் நின்றது. தொடை முழுசாகத் தெரிந்தது. இதற்கு மேல் ஒரு வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. வில்லைத் தூக்கிவிட்டேன். மானுக்குப் பின்னால் ஓடை மின்னியது. ஊசி பட்ட உடனே அது எங்கே ஓடும்? கூட்டத்துக்குள் வராது. தண்ணீருக்குள்தான். கடமான் நன்றாக நீந்தும். பாதி ஓடையில் மருந்து ஏறும்.

வில்லை இறக்கினேன்.

பின்னால் எழுந்த கூச்சலை எழுத வேண்டாம். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். போலீஸ்காரர் துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நான் லாரிப் பக்கம் பார்த்தேன். சயாமா என்னைப் பார்த்து மெதுவாக ஒரு தடவை தலையசைத்தார். அவ்வளவுதான். அது எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த மனையை ஒட்டி மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேவை விற்கும் டோ கின் என்ற அம்மாள் இருந்தார். காலை வியாபாரம் முழுக்கக் கெட்டுப்போய்விட்டது அவருக்கு. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து கேட்டார்.

"தம்பி, பயமா உனக்கு?"

"இல்லை அக்கா. அடித்தால் தண்ணீரில் போய் விழும். செத்துவிடும். வயிற்றில் இருக்கிறதும்."

கரண்டியால் ஓடையைக் காட்டினார். "தண்ணீர்ப் பக்கம் போகாமல் இருந்தால் போதுமா?"

"போதும். சுவர்கூட வேண்டாம். துணி கட்டினாலே அதன் கண்ணுக்குச் சுவர் மாதிரிதான். ஆனால் இத்தனை நீளத்துக்குத் துணிக்கு எங்கே போவது?"

டோ கின் அண்ணாந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை. சந்து முழுக்கக் கொடிகளில் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. அதில் பெரும்பாலும் பெண்கள் இடுப்பில் கட்டும் தமெய்ன்.

பதினைந்து நிமிடத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். என் அக்காவும் ஒரு கட்டுத் துணியோடு வந்தாள். நீளக் கயிற்றில் தமெய்ன்களைக் கோத்து, மூங்கில் கழிகளோடு கரையின் இரண்டு முனைகளிலிருந்தும் நடந்தார்கள். மானை யாரும் பார்க்காதீர்கள் என்று மட்டும் நான் சொல்லியிருந்தேன். அவர்கள் பார்க்கவே இல்லை. கீரை விலையையும் யாருடைய மருமகளையோ பற்றியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டே போய், கழிகளைச் சேற்றில் ஊன்றினார்கள். மான் காதைத் திருப்பிக் கேட்டதே தவிர அசையவில்லை. இரண்டு மணி நேரமாக முறைத்துப் பார்க்கிறவர்களையே கண்ட மானுக்கு, தன்னைக் கவனிக்காதவர்களைப் பார்த்ததும் மூச்சு கொஞ்சம் தணிந்தது.

பிறகு டோ கின் இன்னொரு கயிற்றைச் சந்து வாயிலின் குறுக்கே கட்டச் சொன்னார். இங்கே ஆண்கள் தமெய்னுக்குக் கீழே போக மாட்டார்கள், உங்களுக்குத் தெரியாததா. ஆண்மைக்கு ஆகாது என்று நினைப்பு. நம் தமிழ் ஆட்களும் இத்தனை தலைமுறையில் அப்படித்தான் ஆகிவிட்டோம். ஊ சான் கத்தியும் போலீஸ்காரர் தள்ளியும் நகராத கூட்டம், கயிறு ஏறியதும் தானாகவே இருபதடி பின்னால் போனது. சத்தம் அடங்கியது.

ஆனால் நான் உள்ளே போக வேண்டும். வில்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தேன். ஈரத் துணி ஒன்று என் தலையில் உரசியது. பின்னால் யாரோ 'ச்ச்' கொட்டினார்கள். உள்ளே போய் ஒரு செங்கல் குவியல் அருகே உட்கார்ந்தேன்.

நாற்பது நிமிடம். பதினொன்றரை ஆனது. வெயில் ஏறிக்கொண்டே போனது. இதற்கு மேல் தாமதித்தால் சூடு தாங்காது என்பதும் எனக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் போலீஸ்காரர் சுடுவார் என்பதும் தெரியும். எய்துவிடு என்று கை சொல்லிக்கொண்டே இருந்தது. மான் இன்னும் என்னைப் பார்த்தபடிதான் நின்றது. 'ஆண்டவரே, நானாக அவசரப்படாமல் பார்த்துக்கொள்ளும்' என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அப்புறம் அது தலையைத் தாழ்த்தி, சுவரோரம் முளைத்திருந்த கன்சூன் கீரையைக் கடித்தது. ஒரு எட்டு வைத்துத் திரும்பியது. தொடை. பின்னால் வெறும் செங்கல் சுவர். காது ஓடைப் பக்கம் சாய்ந்தது. எய்தேன்.

ஊசி சரியான இடத்தில் நின்றது. மான் துள்ளி, நேராக ஓடையை நோக்கித்தான் ஓடியது. கரையில் ஒரு பச்சைத் தமெய்ன் காற்றில் உப்பி அசைந்தது. அதற்கு ஒரு முழம் முன்னால் மான் காலை ஊன்றி நின்றது, முகர்ந்தது, திரும்பியது. மனையை இரண்டு தடவை சுற்றியது. நடை தளர்ந்தது. எட்டாவது நிமிடம் முன்னங்கால் மடிந்து, நடு மனையில் உட்கார்ந்தது. சயாமா ஓடிவந்து அதன் கண்ணைக் கட்டி, சூடு தணிய அதன் காதுகளின் மேல் தண்ணீர் ஊற்றினார். வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அசைகிறது," என்றார்.

இருநூறு கிலோ இருக்கும். லாரிக்குத் தூக்கிப்போக எட்டு ஆண்களாவது வேண்டும். பெண்கள் கயிற்றை அவிழ்க்கப் போனார்கள். சயாமா தடுத்தார். "வேண்டாம். வழியில் எழுந்துவிட்டால் கூட்டத்துக்குள் பாயும். லாரியில் ஏற்றும்வரை இருக்கட்டும்."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் அத்தனை ஆண்கள். ஒருவரும் நகரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மானின் மூச்சு எனக்குக் கேட்டது.

மச்சான்தான் முதலில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, அக்காவின் தமெய்னுக்கு அடியிலேயே நுழைந்தார். "என்ன மாப்ள, எந்தப் பக்கம் புடிக்கணும்?" என்றார். அவர் பின்னால் நான்கு பேர். பிறகு ஐந்து. கடைசியாக ஊ சான், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. போலீஸ்காரர் துப்பாக்கியை டோ கின்னிடம் கொடுக்கப் போய், அவர் முறைத்ததும் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே வந்தார். திரும்பும்போதும் எல்லாரும் தலை குனிந்து அதே துணிகளுக்கு அடியில்தான் மானைச் சுமந்து போனார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அது காப்பகத்தில் ஒரு பெண் குட்டி ஈன்றது. டோ கின்னுக்கும் அக்காவுக்கும் காட்டக் கூட்டிப்போனேன். மான் எங்களைப் பார்த்ததும் குட்டியைத் தள்ளிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. "நன்றி கெட்டது," என்று டோ கின் சிரித்தார்.

நன்றி சொல்வது மானின் வேலை இல்லை. அது என் வேலை. அதற்காகத்தான் இதை எழுதினேன். என் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரை எழுதிய சயாமாவுக்கு, கொடியில் கிடந்த துணியைக் கொடுத்த பெண்களுக்கு, தலை குனிந்த அந்தப் பன்னிரண்டு ஆண்களுக்கு. நாளைக்கு நீங்கள் எய்யாமல் திரும்பி வரும்போது உங்களைப் பார்த்து யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவர் பிறகு வந்து உங்களோடு சேர்ந்து சுமப்பார்.